கானுக்குள் நட்ட பலகை

வேலையில் இருந்த காலத்தில் தேர்தல் அறிவிப்பு வந்தால் எனக்கு வயிறு கலங்கிவிடும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகும் அந்த வயிறு ஓய்வு பெறவில்லை என்பதுதான் வருத்தம். போன வாரம் சுகந்தி தொலைபேசியில் கூப்பிட்டதிலிருந்து மறுபடியும் ஆரம்பித்துவிட்டது.

சுகந்தி நான் வேலை பார்த்த பிரிவில் இப்போது கிராம உத்தியோகத்தராக இருக்கிற பெண். நல்ல பிள்ளை. குரலிலேயே அழுகை இருந்தது.

"மிஸ், தேர்தல் வருதுன்னு வெளம்பரப் பலகை எல்லாத்தையும் மூடச் சொல்லிட்டாங்க. மேல தோட்டத்துல ஒரு பெரிய பலகை. ஆளுங்க பக்கத்துல போகவே விடமாட்டேங்கிறாங்க. அரசாங்கக் காச இப்படிக் கொட்டுறாங்களேன்னு திட்டுறதும் அவங்கதான், தொடாதேங்கிறதும் அவங்கதான். எனக்கு ஒண்ணுமே வெளங்கல."

எனக்கு விளங்கியது. நேரில் வா, சொல்கிறேன் என்று தொலைபேசியை வைத்தேன். வைத்த பிறகு இருப்புக்கொள்ளவில்லை. என் காலத்தில் நடந்ததை அவள் வருவதற்குள் எழுதியாவது வைப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன். தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதப்போவதில்லை. பதுளையிலிருந்து நமுனுகுல மலையை நோக்கிப் போகும் பாதையில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நானும் அந்த மலைப்பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள்தான். அம்மா கொழுந்து பறித்துப் படிக்கவைத்தார். பரீட்சை எழுதினேன், வேலை கிடைத்தது. பயிற்சிக் காலத்தில் சிங்களத்தில் கடிதம் எழுதவும், இரண்டு கட்சிக்காரர்கள் சண்டை பிடிக்கும்போது நடுவில் நிற்காமல் ஓரமாக நிற்கவும் கற்றுக்கொண்டேன். மற்றதெல்லாம் ஆட்கள் என்னைத் திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்தது. அரசாங்கத்தைத் திட்ட வேண்டுமென்றால் கொழும்புக்குப் போக வேண்டும். கிராம உத்தியோகத்தரைத் திட்ட லயத்து வாசலில் நின்றாலே போதும், அவளே நடந்து வருவாள்.

வேலைக்கு வந்த புதிதில் ஒரு தோட்டத்தில் தண்ணீர்த் தாங்கி கட்டி முடித்தார்கள். தாங்கியில் தண்ணீர் நிரம்பியும் விட்டது. ஆனால் குழாயைப் பொலித்தீன் பையால் சுற்றி, சிவப்பு ரிப்பன் கட்டி வைத்திருந்தார்கள். திறந்துவைக்க வேண்டிய அரசியல் பெரியவருக்கு நாள் கிடைக்கவில்லை. பெண்கள் அந்தக் குழாயைத் தாண்டிப் பள்ளத்துப் பீலிக்குப் போய், பாசி வாடையடிக்கும் தண்ணீரைச் சுமந்து ஏறினார்கள். ஒரு வயதான அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏன் மிஸ், தண்ணிக்கும் கலியாணமா? நல்ல நேரம் பாத்துத்தான் தொறப்பாங்களோ?"

கடைசியில் அவர் வந்தார். பந்தல், நாற்காலி, மேளம், சாப்பாடு, பெயர் வெட்டிய பளிங்குக் கல் எல்லாம் வந்தன. சில காலத்தில் பம்பு பழுதாகித் தண்ணீர் நின்றுபோனது. கல் மட்டும் இன்னும் பழுதாகவில்லை என்று அந்தத் தோட்டத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, எங்கள் ஊரில் பூசாரி கொடுத்தாலும் ரிப்பன் விடாது.

இன்னொரு தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால் நிவாரண அரிசி வந்தது. பை ஒவ்வொன்றிலும் ஒரு முகம் சிரித்துக்கொண்டிருந்தது. பங்கிட ஆயத்தமானபோது அந்த முகத்துக்கு உரியவர் வேட்புமனு கொடுத்துவிட்டார். முகத்தோடு கொடுத்தால் குற்றம், கொடுக்காவிட்டால் பசி. அலுவலகத்தில் ஆளுக்கொரு சவர பிளேட்டை வைத்துக்கொண்டு ஸ்டிக்கர் சுரண்டினோம். அது லேசில் வருகிற பசை இல்லை. நெற்றி போனது, மூக்கு போனது, பல் மட்டும் சில பைகளில் மிஞ்சிவிட்டது. பை வாங்க வந்த ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாவு வாங்குனாலும் வரி, சவுக்காரம் வாங்குனாலும் வரின்னு புடுங்குறாங்க. அதுல இந்தப் பல்லையும் நாங்கதான் அச்சடிச்சிருக்கோம் போல."

நான் சிரித்துவிட்டேன். பிறகு, சிரித்ததை யாராவது பார்த்து, மிஸ் எதிர்க்கட்சி என்று சொல்லிவிடுவார்களோ என்று அன்றைக்கு முழுக்கப் பயந்தேன். என் சுபாவம் அது.

இந்தப் பயத்துக்கு ஏற்ற மேலதிகாரி எனக்கு வாய்த்தார். பிரதேச செயலாளரைச் சொல்கிறேன். சிங்களவர், மெலிந்த மனிதர், தமிழ் அழகாகப் பேசுவார். கெட்ட செய்தி சொல்ல வேண்டியிருந்தால் மட்டும் சிங்களத்துக்கு மாறிவிடுவார். அவர் யாருக்கும் எதையும் உத்தரவாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு பிரச்சினையோடு போய் நின்றால் பேனா மூடியைத் திறந்து, மூடி, திறந்து, "நீங்க என்ன நினைக்கிறீங்க, மிஸ்?" என்பார். நாம் நினைப்பதைச் சொன்னதும் "பலமு" என்பார். பார்ப்போம் என்று அர்த்தம். வேலை நன்றாக முடிந்தால் அது நம் நினைப்பு, கெட்டுப்போனாலும் நம் நினைப்புத்தான். அவர் கெட்டவர் இல்லை. பலமுறை இடமாற்றம் வாங்கி அடிபட்ட மனிதர். ஆனால் அந்தப் பேனா மூடியின் சத்தம் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

அப்படி இருக்கும்போதுதான் மேல்பிரிவு லயத்துக்குப் பலகை வந்தது.

அந்த இடத்தைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. தேயிலை மலையில் மழைத் தண்ணீரைச் சரிவில் நேராக ஓடவிட்டால் மண்ணையும் செடியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் மலைக்குக் குறுக்காகக் கான் என்கிற வடிகால் வெட்டி, தண்ணீரைப் பக்கத்து ஓடைக்குத் திருப்பிவிடுவார்கள். மேல்பிரிவு லயத்துக்குப் பின்னால் ஒரு மண் சரிவு, அதைத் தாங்க ஒரு பழைய கருங்கல் சுவர், அதற்கு மேலே அந்தக் கான். கான் சரியாக ஓடும்வரை லயம் பத்திரம்.

விளம்பரப் பலகையை நட வந்த ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்கு பஸ் பாதையிலிருந்து தெரிகிற இடம் வேண்டியிருந்தது. கான் ஏற்கெனவே வெட்டியிருந்த பள்ளம். குழி தோண்டும் வேலை மிச்சம் என்று இரண்டு இரும்புத் தூண்களையும் கானுக்குள்ளேயே இறக்கி, கொங்கிரீட் ஊற்றி, இடைவெளியை மண்ணும் கல்லும் போட்டு நிரப்பிவிட்டுப் போய்விட்டார்கள்.

லயத்துத் தலைவர் மாரிமுத்து நான் போனபோது அங்கேதான் நின்றார். தலைவர் என்றால் தோட்டத் தொழிற்சங்கத்தின் தலைவர். அவர் வாழ்க்கையில் பாதியைக் கான் வெட்டியே கழித்தவர். அவருக்கு யாரும் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை.

"கான அடைச்சிட்டாங்களே, தலைவரே!" என்றேன்.

"பாத்தேன் மிஸ். சொன்னேன். மேலிடத்து உத்தரவுன்னுட்டாங்க." அவர் கண் கானில் இல்லை. அண்ணாந்து பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதுல என்னா எழுதியிருக்குன்னு பாத்தீங்களா?"

பார்த்தேன். ஒரு பக்கம் பெரிய முகம். மறு பக்கம் சிவப்பு ஓட்டு வீடு, பூந்தோட்டம், எங்கள் பக்கத்தில் யாரும் கண்டிராத நிறத்தில் ஒரு அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். கீழே, காணியோடு சொந்த வீடு என்று எழுதி, அந்தத் தோட்டத்தின் பெயரும் மேல்பிரிவு என்ற சொல்லும் இருந்தன.

"நம்ம லயத்துப் பேர அரசாங்கம் எழுதி நான் பாத்ததே இல்ல மிஸ்," என்றார் மாரிமுத்து. "எங்க தாத்தா காலத்துலருந்து இங்க கெடக்குறோம். ஒரு துண்டுக் கடுதாசி கூட இல்ல."

அடுத்த வெள்ளிக்கிழமை பலகைக்குப் பூசை போட்டார்கள். புது மாடு வாங்கினாலும் புது சைக்கிள் வாங்கினாலும் எங்கள் ஆட்கள் பூசை போடாமல் தொடமாட்டார்கள். தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, இரண்டு தூணுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். அந்த வேளையிலும் ஒரு பெண், "இந்தக் கம்பிய வித்தாலே எங்கூட்டுக் கூரைக்குத் தகரம் வாங்கிறலாம், என்னா காசு, என்னா காசு!" என்று திட்டினாள். திட்டிவிட்டு அவளே தன் பிள்ளைகளை வரிசையாகப் பலகைக்கு முன் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டாள். சுகந்திக்கு விளங்காதது இதுதான். கொழும்பில் உள்ளவருக்கு அது விளம்பரம். காணி உறுதிப் பத்திரம் என்று ஒன்றைக் கையில் தொட்டுப் பார்த்திராத ஆட்களுக்கு அதுதான் உறுதி. பூசை போட்ட பிறகு அதைத் தொடுவது சாமிக் குற்றம் மாதிரி ஆகிவிட்டது.

பிறகு தேர்தல் அறிவித்தார்கள். மழைக் காலமும் சேர்ந்து வந்தது.

எங்கள் அலுவலகத்தில் அந்த நாட்களில் ஒரு நடைமுறை இருந்தது. பெயர் மட்டும் உள்ள கல் என்றால் சுண்ணாம்பு, படம் என்றால் துணி, கட்சிப் பலகை என்றால் கழற்ற வேண்டும். பொலிஸாரும் நாங்களும் சேர்ந்து போவோம், படம் எடுப்போம், வேலையை முடித்து மறுபடி படம் எடுப்போம். மேல்பிரிவுப் பலகையில் சிக்கல் வந்தது. அதில் அரசாங்க இலச்சினையும் இருந்தது, வேட்பாளரின் முகமும் இருந்தது. அது அரசாங்க அறிவித்தலா, கட்சி விளம்பரமா? காசு பொதுமக்களுடையது, முகம் அவருடையது. பொலிஸில் கேட்டால் பிரதேச சபையைக் கேட்கச் சொன்னார்கள். சபையில் தேர்தல் அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே, பலகைக்கு உரிய அமைச்சை விசாரிக்கும்படி சொன்னார்கள். அமைச்சில் ஒப்பந்தக்காரரின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தார்கள். அந்த இலக்கம் பாவனையில் இல்லை.

நான் எல்லோரிடமும் கேட்டது கானைப் பற்றி. எல்லோரும் எனக்குப் பதில் சொன்னது முகத்தைப் பற்றி. கடைசியில் ஒரு வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து அந்த முகத்தை மட்டும் மூடிக் கட்டினார்கள். படம் எடுத்தார்கள். போய்விட்டார்கள். சட்டத்தின் கணக்கில் மேல்பிரிவுப் பிரச்சினை தீர்ந்தது. கான் அடைத்தபடியே கிடந்தது. வெள்ளைத் துணியைப் பார்த்து லயத்துக் கிழவிகள், பொணத்துக்கு மூடுன மாதிரி இருக்கே என்று முணுமுணுத்தார்கள்.

மாரிமுத்துவும் சும்மா இருக்கவில்லை. தூணைச் சுற்றித் தண்ணீரைத் திருப்ப ஆட்களோடு முயன்று பார்த்தார். மேல் பக்கம் பாறை, அலவாங்கால் குத்தியும் பெயரவில்லை. கீழ்ப் பக்கம் வெட்டினால் நேரே சுவரின் தலையில்தான் தண்ணீர் விழும். பலகையைப் பிடுங்கி, அடைப்பை எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

ஒரு நாள் மழை விட்ட பிறகு லயத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கருங்கல் சுவரின் இடுக்குகளில் தண்ணீர் கசிந்தது. அது பரவாயில்லை, மழைக் காலத்தில் கசியும். ஆனால் கசிந்த தண்ணீர் தேநீர் நிறத்தில் கலங்கி வந்தது. சுவருக்குப் பின்னால் மண் கரைகிறது என்று அர்த்தம். எங்கள் மாகாணத்தில் லயத்தோடு ஆட்களை மண் விழுங்கிய துக்கத்தைக் கண்டவர்கள் நாங்கள்.

அந்தச் சுவரை ஒட்டிய கடைசிக் காம்பரா வீட்டில்தான் மாரிமுத்து இருந்தார். அவர் மகள் கலைச்செல்வி தலைப் பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவள் பின் குசினியில் அடுப்படியில் உட்கார்ந்து, சுவர்ப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் ஸ்கூலுக்குப் போய் இருங்க தலைவரே, மழை முடியிற வரைக்கும்," என்றேன்.

"முந்தி ஒருக்கா போனோமே மிஸ். ரெண்டு கட்சிக்காரனும் பார்சல் கொண்டாந்து எங்களோட படம் புடிச்சானுங்க. திரும்பி வந்து பாத்தா கோழியுமில்ல, சட்டி பானையுமில்ல. வேணாம்."

"அப்ப பலகைய எறக்குங்க. நீங்களே கான் வெட்டுன ஆளு. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

அவர் கசியும் சுவரைத் தடவிப் பார்த்தார். பிறகு, "எறக்குறோம்," என்றார். "நீங்க எழுதித் தாங்க. இந்த லயத்துக்கு வீடு வரும்னு, உங்க சீல குத்தி எழுதித் தாங்க. அந்தா இருக்கிற பலகைக்குப் பதிலா எங்க கையில ஒண்ணு வேணுமில்லையா?"

என் கைப்பையில் சீல் இருந்தது. எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். என்னிடம் அதற்கு அதிகாரம் இல்லை என்று அவருக்குத் தெரியாது. இருதலைக்கொள்ளி எறும்பு என்று படித்திருக்கிறேன், அன்றைக்குத்தான் அதுவாகவே இருந்தேன். நாளைக்குச் சொல்கிறேன் என்று இறங்கி வந்துவிட்டேன்.

பிரதேச செயலாளரிடம் போனேன். கலங்கல் தண்ணீரைச் சொன்னேன். பேனா மூடி திறந்தது, மூடியது.

"நீங்க என்ன நினைக்கிறீங்க, மிஸ்?"

"பலகைய எறக்கணும் சேர். இன்னைக்கே."

"எறக்கினா ஆளுங்கட்சி உங்களை விடாது. தேர்தல் முடியிற வரைக்கும் விட்டு வச்சா மத்தக் கட்சி என்னை விடாது." பிறகு சிங்களத்துக்கு மாறினார். மாறியதுமே எனக்கு விளங்கிவிட்டது. மேலே கேட்டிருப்பதாகவும் பதில் வரும்வரை பொறுக்கும்படியும் சொல்லிவிட்டு, "பலமு," என்று முடித்தார்.

மறுநாள் மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. எங்கள் பக்கத்துப் பருவ மழை அப்படித்தான், காலையில் வெயில் காய்ந்துவிட்டு மத்தியானத்துக்குப் பிறகு வானம் கொட்டும். நான் அலுவலகத்தில் உட்கார முடியாமல் ஒரு ஓட்டோவைப் பிடித்துக்கொண்டு மேலே போனேன். போகிற வழியெல்லாம், ஒன்றும் ஆகியிருக்கக்கூடாது என்று எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். போய்ச் சேரும்போது மழை தொடங்கிவிட்டது. கொழுந்து பறித்த பெண்கள் கூடையோடு ஓடி வந்து லயத்து இஸ்தோப்புத் திண்ணையில் ஒதுங்கி நின்றார்கள். கானில் வந்த தண்ணீர் பலகைக் காலில் முட்டி, தேங்கி, விளிம்பைத் தாண்டிச் சரிவில் வழிந்தது. சுவரின் ஒரு கல் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது.

கலைச்செல்வியை நானே கையைப் பிடித்து லயத்தின் மறு கோடிக்குக் கொண்டுபோய் உட்காரவைத்தேன். பிறகு செயலாளருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"சேர், சுவர் தள்ளுது. நான் எறக்கச் சொல்லப்போறேன்."

அந்தப் பக்கம் பேனா மூடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. பிறகு, "பலமு," என்றார். கொஞ்சம் விட்டு, தமிழில், "கவனம், மிஸ்," என்றார்.

மாரிமுத்து பலகைக்குக் கீழே சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். நாலைந்து ஆண்கள் அலவாங்கு, மண்வெட்டியோடு அவர் பின்னால் நின்றார்கள். அவர் சொல்லாமல் யாரும் கை வைக்கமாட்டார்கள்.

"கொண்டாந்தீங்களா மிஸ்?" என்று கேட்டார். கடிதத்தைத்தான் கேட்டார்.

"இல்ல."

"ஒரு வரி போதுங்க. வீடு வரும்னு ஒரே வரி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மழையில் அது தெரிந்திருக்காது. "நான் எழுதித் தந்தா அதுவும் இந்தப் பலகை மாதிரித்தான் தலைவரே. வீடு வருமா வராதான்னு எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. தண்ணி வரும்னு மட்டும் தெரியும். அது வந்துக்கிட்டு இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். அவ்வளவு வெறுப்போடு யாரும் என்னைப் பார்த்ததில்லை. சாக்கைத் தூக்கி வீசினார். தூணில் சந்தனம் வைத்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு பின்னால் நின்றவனிடமிருந்து அலவாங்கைப் பறித்து அடித்தூரில் குத்தினார். மற்றவர்களும் இறங்கினார்கள். அடைத்திருந்த கல்லையும் மண்ணையும் வாரி எறிந்து, கொங்கிரீட்டைச் சுற்றித் தோண்டினார்கள். ஒருவன் ஏறிக் கயிறு கட்டினான். மேல் பக்கம் பார்த்து இழுத்தார்கள். காற்றில் வெள்ளைத் துணி கழன்று முகம் மறுபடி சிரித்தது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டாவது தூண் அசைந்ததும் பலகை முழுவதும் தேயிலைச் செடிகளின் மேல் சாய்ந்து விழுந்தது. தேங்கியிருந்த தண்ணீர் பெரும் இரைச்சலோடு கானில் ஓடையை நோக்கிப் பாய்ந்தது. இஸ்தோப்பில் நின்ற ஒரு கிழவி வீடு போச்சே என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

பொழுது சாய்வதற்கு முன்பே கருங்கல் சுவர் சரிந்தது. ஏற்கெனவே கரைந்திருந்த மண் இனித் தாங்காதே. கடைசி இரண்டு காம்பராக்களின் பின் குசினியையும் மண் மூடியது. கலைச்செல்வி ரொட்டி தட்டிய அடுப்படி மண்ணுக்குள் போனது. ஆனால் மேலிருந்து தண்ணீர் வரவில்லை என்பதால் மண் அதோடு நின்றுவிட்டது. உள்ளே ஆள் இல்லை. கான் இன்னும் கொஞ்ச நேரம் அடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைப்பதில்லை. நினைத்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

அதன் பிறகு வந்த கூத்துக்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆளுங்கட்சிக்காரர்கள் நான் எதிர்க்கட்சியிடம் காசு வாங்கிக்கொண்டு பலகையை உடைத்தேன் என்றார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் விழுந்த பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்து, மக்கள் கொதித்தெழுந்துவிட்டார்கள் என்று துண்டுப்பிரசுரம் அடித்து வீடு வீடாகக் கொடுத்தார்கள். அதையும் யார் காசில் அடித்தார்களோ தெரியாது. சரிந்த சுவரைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. அரச சொத்தைச் சேதப்படுத்தியதற்கு என்மேல் விசாரணை வந்தது. வேலை போய்விடும், ஓய்வூதியம் போய்விடும் என்று நான் மெலிந்து துரும்பாகிப்போனேன். விசாரணைக்கு வந்தவர்களிடம் பிரதேச செயலாளர், தாம்தான் வாய்மொழியாக உத்தரவிட்டதாகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னது 'பலமு', 'கவனம்' என்ற இரண்டே சொல். அதை உத்தரவென்று ஒப்புக்கொண்ட அந்த ஒரு காரியத்துக்காக, பேனா மூடியால் அவர் எனக்குத் தந்த எரிச்சலையெல்லாம் மன்னித்துவிட்டேன். அவருக்கு அதற்குப் பரிசாக மீண்டும் ஒரு தூரத்து இடமாற்றம் கிடைத்தது.

கலைச்செல்விக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. சுவரை மறுபடி கட்டினார்கள். வீடு வரவில்லை. அரசாங்கம் மாறியது, திட்டத்தின் பெயர் மாறியது, வேறு தோட்டங்களில் வேறு முகங்களோடு வேறு பலகைகள் முளைத்தன. ஒருமுறை மாரிமுத்து வீடமைப்பு பற்றிக் கேட்க ஓர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். மேல்பிரிவைத் தெரிவு செய்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருக்கிறார்கள். பலகை இருந்தது என்று சொல்லியிருக்கிறார். அங்கிருந்த இளம் உத்தியோகத்தர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்களாம். இதை வேறொருவர் என்னிடம் சொன்னபோது எனக்குத் தூக்கம் போனது. நான்தான் இறக்கச் சொன்னேன். உயிரைக் காப்பாற்றினேன் என்று எத்தனை தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டாலும், அவர்களிடம் இருந்த ஒரே அத்தாட்சியைப் பிடுங்கினவளும் நான்தானே என்ற குடைச்சல் வெகுநாள் போகவில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு மாரிமுத்து ஒரு நாள் பதுளையில் என் வீட்டுக்கு வந்தார். ஒரு பையில் போஞ்சிக்காய் கொண்டுவந்திருந்தார். மழைக்குள் அன்றைக்கு அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்காததால், திட்டத்தான் வந்திருக்கிறார் என்று பயந்துகொண்டே தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். பேத்தி நன்றாகப் படிக்கிறாள் என்றார். கான் நன்றாக ஓடுகிறது, தானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டார்.

"உண்மையச் சொல்லுங்க மிஸ். அந்தப் பலகை இருந்திருந்தா வீடு வந்திருக்குமா?"

இந்த முறை நாளைக்குச் சொல்கிறேன் என்று நழுவ முடியவில்லை. வேலையில் இருந்த கடைசிக் காலத்தில் நான் அதை விசாரித்துத் தெரிந்துவைத்திருந்தேன். பலகைக்கு மட்டும்தான் காசு ஒதுக்கியிருந்தார்கள். வீட்டுக்கு ஒருபோதும் ஒதுக்கவே இல்லை.

"வந்திருக்காது தலைவரே," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ஆச்சரியப்பட்ட மாதிரித் தெரியவில்லை. எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று திரும்பினார்.

"எம் பேத்தியக் கண்டா இத மட்டும் சொல்லிறாதீங்க மிஸ். அவ வயித்துல இருந்தப்பதான் பலகைய எறக்குனோம், இல்லாட்டி வீடு கெடச்சிருக்கும், தாத்தாதான் கெடுத்துட்டாருன்னு எங்கிட்ட எப்பவும் சண்ட போடுறா. போடட்டும். நமக்குன்னு ஒண்ணு இருந்திச்சி, அது கை தவறிப் போச்சின்னு நெனச்சிக்கிட்டு வளரட்டும். மொதல்லருந்தே ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சா அவ தாங்கமாட்டா."